புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?

பாட்காஸ்ட் செயலியை நிறுவியவர்களில் அதன் ‘அமைப்புகள்’ பக்கத்துக்குள் இறங்கிப் பார்ப்பவர்கள் கொஞ்சம்தான். இறங்கியவர்களும் திரையைக் கறுப்பாக்கிக்கொண்டு, முன்னே தாவும் பொத்தானை 30 வினாடிக்கு வைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். மீதியெல்லாம் செயலியை எழுதியவர் உத்தேசமாக வைத்த மதிப்புகளிலேயே ஓடுகின்றன. அவர் மனத்தில் இருந்த ஆளுக்குத் தட்டுப்பாடில்லாத வைஃபை இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் சார்ஜர் இருக்கும், அவர் கேட்பதெல்லாம் ஆங்கிலமாக இருக்கும். டவுன் பஸ்ஸில் நின்றபடி, ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்ற கணக்கில், தமிழும் இசையும் கலந்து கேட்கிற ஒருவருக்கு அந்த மதிப்புகள் பொருந்த வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

உதாரணத்துக்கு ஆன்டெனாபாட் என்ற செயலியை எடுத்துக்கொள்கிறேன். 2012 முதல் இருந்துவரும் திறந்த மூலச் செயலி இது. ஆண்ட்ராய்டில் மட்டும் ஓடும். தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். செயலிக்கென்று விளம்பரமும் இல்லை, கணக்குத் தொடங்கும் தொல்லையும் இல்லை. நிரல் பொதுவெளியில் கிடப்பதால் ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் என்ன நடக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம், படித்தே பார்த்துவிடலாம். உங்கள் போனில் வேறு செயலி இருந்தாலும் பரவாயில்லை. பொத்தான்களின் பெயர்கள் மாறும், அடியில் இருக்கும் அறிவியல் மாறாது.

பேசாத கோப்பு

ஒரு பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஒரு எழுத்துக் கோப்பு. ஏதோ ஒரு சர்வரில், ஒரு முகவரியில், அது கிடக்கிறது. உள்ளே நிகழ்ச்சியின் பெயர், ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரி. அவ்வளவுதான். இதைத்தான் ஃபீட் என்கிறோம், தமிழில் ஓடை.

இந்த வடிவத்தின் முதல் பதிப்பு 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அப்போது நோக்கம் வெறும் செய்தித் தலைப்புகள்தான். ஒலிக்கோப்பை இணைக்கும் வசதியை 2000 டிசம்பரில் டேவ் வைனர் சேர்த்தார். எம்டிவியில் நிகழ்ச்சி நடத்திய ஆடம் கர்ரி கொடுத்த யோசனை அது. அடுத்த மாதமே வைனர் தன் ஓடையில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் பாட்டு ஒன்றை இணைத்துச் சோதித்துக் காட்டினார். ‘பாட்காஸ்டிங்’ என்ற பெயர் வரவே இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்த பிறகு இது பெரும்போக்கானது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ நிறுவனங்கள் வந்துபோய்விட்டன. அந்த எழுத்துக் கோப்பு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

அந்தக் கோப்புக்கு ஒரு குணம் உண்டு. தானாகப் பேசாது. புதிய பகுதி வந்தால் அது உங்கள் போனைக் கூப்பிட்டுச் சொல்லாது. தபாலுக்குக் காத்திருப்பவர் தினமும் தபால் ஆபீஸுக்கே நடந்து போய் விசாரிப்பதுபோல், உங்கள் செயலிதான் ஒவ்வொரு ஓடையிடமும் போய், ‘புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அமைப்புகள் பக்கத்தில் இருப்பவற்றில் பாதி, இந்தக் கேள்வியை எப்போது கேட்பது, எத்தனை முறை கேட்பது, வந்த பதிலில் எதை வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியவை.

எத்தனை முறை கேட்கலாம்?

புதுப்பிக்கும் இடைவெளியை ஒரு மணி நேரம் என்று வைக்கலாம், அரை நாள் என்று வைக்கலாம், ‘வேண்டவே வேண்டாம், நானே இழுத்துப் புதுப்பித்துக்கொள்கிறேன்’ என்றும் விடலாம். ஆர்வத்தில் பலர் ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்கு என்ன விலை?

டேட்டா விலை நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் இணையத்தில் நாகரிகமாகக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. செயலி போனமுறை கோப்பை வாங்கும்போது சர்வர் ஒரு அடையாளச் சரத்தையோ கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையோ சேர்த்துக் கொடுத்திருக்கும். அடுத்தமுறை செயலி அதைக் காட்டி, ‘இதற்குப் பின் மாற்றம் இருந்தால் மட்டும் அனுப்பு’ என்கிறது. மாற்றம் இல்லையென்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும். சில நூறு பைட்டுகளில் பேச்சு முடிந்துவிடும்.

எல்லா சர்வரும் இப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. பல ஆண்டுகளாக ஓடும் தினசரி நிகழ்ச்சிகளின் ஓடை, பழைய பகுதிகளின் குறிப்புகளையெல்லாம் சுமந்துகொண்டு சில மெகாபைட் அளவுக்கு வளர்ந்திருக்கும். கேட்கும்போதெல்லாம் முழுக் கோப்பையும் தூக்கி அனுப்பும் சர்வர் ஒன்று உங்கள் பட்டியலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பு 3 எம்பி, மணிக்கு ஒருமுறை கேட்கிறீர்கள். நாளைக்கு 72 எம்பி, மாதத்துக்கு 2 ஜிபியைத் தாண்டும். ஒரு பகுதியைக்கூடக் கேட்காமலேயே. சுருக்கி அனுப்பும் வசதி இருந்தால் இது பல மடங்கு குறையும். எழுத்து நன்றாகச் சுருங்கும் பண்டம்.

பேட்டரியின் கதை வேறு. இங்கேதான் பொதுப்புத்தி தவறுகிறது. மொபைல் நெட்வொர்க்கில் சில பைட்டுகளை அனுப்புவதற்கும் போனின் ரேடியோ முழுதாக விழித்தெழ வேண்டும். வேலை முடிந்த உடனே அது தூங்கப் போவதும் இல்லை. அடுத்து ஏதேனும் வரலாம் என்று சில வினாடிகள் அதிக மின்சாரம் இழுத்தபடியே காத்திருக்கும். ஆய்வாளர்கள் இதை ‘வால் ஆற்றல்’ என்கிறார்கள். 2009இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 3ஜி போன்களை அளந்து பார்த்தார்கள். 50 கிலோபைட் அளவுள்ள ஒரு சிறு பதிவிறக்கத்தில் செலவான ஆற்றலில் ஏறத்தாழ 60 சதவீதம் இந்த வாலுக்கே போயிருந்தது. 4ஜியில் வேகம் கூடியதே தவிர வால் போகவில்லை. 2012இல் வெளியான அளவீடுகளில் அது பத்து வினாடிக்கும் மேல் நீண்டது.

இதிலிருந்து ஒரு வினோதமான முடிவு கிடைக்கிறது. ஐந்து ஓடைகளை ஒரே மூச்சில் விசாரிப்பதற்கும் அறுபது ஓடைகளை ஒரே மூச்சில் விசாரிப்பதற்கும் பேட்டரியில் பெரிய வித்தியாசம் இராது. ஐந்தே ஓடைகளை நாளைக்கு 24 முறை விசாரிப்பதுதான் செலவு. ஆகவே பேட்டரி போகிறதே என்று பிடித்த நிகழ்ச்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம். இடைவெளியை 12 மணி அல்லது 24 மணி ஆக்குங்கள், போதும். வாரம் ஒருமுறை வரும் நிகழ்ச்சியை மணிக்கு ஒருமுறை விசாரித்தால் 168 கேள்விகளில் 167க்கு ‘இல்லை’ என்பதே பதில்.

தவிர, நீங்கள் ஒரு மணி என்று வைத்தாலும் ஆண்ட்ராய்டு அதை ஒரு வேண்டுகோளாகத்தான் எடுத்துக்கொள்ளும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்து, திரை அணைந்து மேசைமேல் அசையாமல் கிடக்கும் போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது. பின்னணி வேலைகளையெல்லாம் சேர்த்துவைத்து, அவ்வப்போது திறக்கும் சிறு இடைவேளைகளில் மட்டும் நடத்துகிறது. சில தயாரிப்பாளர்களின் போன்கள் இதற்கும் மேலே போய், நீங்கள் சில நாள் தொடாத செயலியின் பின்னணி வேலையை அடியோடு நிறுத்திவிடுகின்றன. ‘காலையில் எழுந்தால் புதிய பகுதி எதுவும் இறங்கவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், செயலி அல்ல. போனின் பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு, இரவில் சார்ஜில் போட்டு வைஃபையுடன் இணைத்து வைத்தால் தீரும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு பொத்தானை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆன்டெனாபாட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சியின் அமைப்பிலும் ‘புதுப்பிக்கும்போது இதையும் சேர்’ என்ற பொருளில் ஒரு தேர்வு உண்டு. பத்துப் பகுதிகளோடு முடிந்துபோன தொடர்களுக்கு அதை அணைத்துவிடலாம். தொடர் பட்டியலில் இருக்கும், கேட்கலாம், ஆனால் செயலி செத்த முகவரியை நாள்தோறும் தட்டிக்கொண்டிருக்காது.

செய்தித் தளங்களையும் வலைப்பதிவுகளையும் படிக்கும் ஓடைவாசிப்பான்களில் கேள்வி கேட்கும் வேலையைப் போனிடமிருந்தே பிடுங்கிவிடலாம். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களைச் சொந்த சர்வரில் நிறுவினால் அவை எல்லா ஓடைகளையும் விசாரித்து வைத்திருக்கும். போன் அந்த ஒரே இடத்தில் வந்து அள்ளிக்கொள்ளும். வெப்சப் என்ற நெறிமுறையும் இருக்கிறது. 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதை ஏற்றது. புதிய பதிவு வந்ததும் தளமே தகவல் சொல்லி அனுப்பும் ஏற்பாடு. ஆனால் தகவலை வாங்க இணையத்தில் நிலையான முகவரி வேண்டும். டவருக்கு டவர் தாவும் போனுக்கு அது கிடையாது. ஆக வெப்சப்பும் சர்வருக்குத்தான் உதவும்.

தமிழ்த் தலைப்பும் வடிகட்டியும்

தானியங்கிப் பதிவிறக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கினால் போனின் நினைவகம் எவ்வளவு வேகமாக நிரம்பும் என்பதை ஒரு பெருக்கல் சொல்லிவிடும். 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர ஒலி 57.6 எம்பி. 64 கிலோபிட்டில் அதில் பாதி. பேச்சுக்கு இந்தப் பாதியே தாராளம், ஆனால் தரத்தைத் தேர்ந்தெடுப்பது ஒலிபரப்புபவரின் கையில், உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பவை எத்தனை பகுதிகளைச் சேமிக்கலாம் என்ற வரம்பு, கேட்டு முடித்ததை அழிக்கும் ஏற்பாடு, எந்தப் பகுதி வேண்டும் என்று சலிக்கும் வடிகட்டி. முதல் இரண்டையும் எல்லோரும் சமாளித்துவிடுவார்கள்.

வடிகட்டியில் தமிழ்க் காதுகளுக்கென்றே இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒரு நிகழ்ச்சியில் தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் மட்டும் இறக்கு, அந்தச் சொல் இருந்தால் விடு, இத்தனை நிமிடத்துக்குக் குறைவானதை ஒதுக்கு என்றெல்லாம் விதிக்கலாம். முன்னோட்டத் துணுக்குகளையும் மறுஒலிபரப்பையும் தவிர்க்க அருமையான வசதி. ஆனால் இத்தகைய வடிகட்டி எழுத்துகளின் தொடரைத்தான் ஒப்பிடுகிறது, இலக்கணம் அறியாது. ‘பாடல்’ என்று விதித்தால் ‘பாடல்கள்’ சிக்கும், ‘பாடலும் கதையும்’ சிக்காது. கணினியின் சேமிப்பில் ‘ல்’ என்பது லகரமும் புள்ளியும், ‘லு’ என்பது லகரமும் உகரக் குறியும். வேற்றுமை உருபோ உம்மையோ ஏறியதும் புள்ளி காணாமல் போகிறது, நீங்கள் கேட்ட தொடரும் அங்கே இல்லாமல் போகிறது. வழி எளிது: கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘பாடல’ என்று விதியுங்கள். எல்லா வடிவமும் மாட்டும்.

இரண்டாவது பள்ளம் கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ என்ற எழுத்தில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் சமமாகக் கருத வேண்டும் என்று யூனிகோடு விதியே சொல்கிறது, ஆனால் அதற்கென்று நிரல் எழுதாத செயலி சமமாகக் கருதாது. ஒலிபரப்புபவரின் தட்டச்சு ஒரு முறையில் எழுத, உங்கள் விசைப்பலகை இன்னொரு முறையில் எழுதினால் வடிகட்டி ஊமையாகிவிடும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரும் சொல்லை விதியாக வைக்கும்போது தட்டச்சு செய்யாமல், ஏற்கெனவே வந்த ஒரு தலைப்பிலிருந்து வெட்டி ஒட்டுவதே உத்தமம்.

வேகம் எங்கே உடைகிறது?

அமைப்புகளிலேயே அதிகம் பேசப்படுவது ஒலிக்கும் வேகம்தான். இதன் வரலாறு போனைவிட மிகப் பழையது.

ஒலிநாடாவை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் நேரம் பாதியாகும், கூடவே சுருதி ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும். பெரியவர் குரல் கீச்சுக் குரலாகும். சுருதி மாறாமல் நேரத்தை மட்டும் சுருக்க முடியுமா என்ற கேள்விக்கு 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிராண்ட் ஃபேர்பேங்க்ஸ் குழு ஒரு கருவி செய்தது. சுழலும் ஒலிமுனைகள் நாடாவிலிருந்து மிகச் சிறு துண்டுகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கும். விட்டுப்போன துண்டுகள் அவ்வளவு சிறியவை என்பதால் சொற்கள் புரிந்தன. பேச்சில் எவ்வளவு மிகை இருக்கிறது என்பதற்கு அந்தக் கருவியே சாட்சி.

இன்றைய செயலிகளும் துண்டுகளைத்தான் கழிக்கின்றன. ஆனால் எங்கே வெட்டுவது என்பதை யோசித்து வெட்டுகின்றன. ஆணின் குரல்நாண் வினாடிக்கு நூறு முறையை ஒட்டியும், பெண்ணின் குரல்நாண் இருநூறு முறையை ஒட்டியும் அதிர்கிறது. அதாவது நெடில் ஒன்றை நீட்டும்போது 10 அல்லது 5 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒரே அலைவடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. நிரல் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளைக் கண்டுபிடித்து, ஒன்றின்மேல் ஒன்றை மெல்ல மங்கவைத்து ஒன்றாக்குகிறது. சுற்றின் நீளம் மாறாததால் சுருதி மாறாது, சுற்றுகளின் எண்ணிக்கை குறைவதால் நேரம் குறையும். ஆண்ட்ராய்டில் பரவலாகப் பயன்படும் ‘சோனிக்’ என்ற திறந்த மூல நிரல் இந்த வகையைச் சேர்ந்தது. பில் காக்ஸ் அதை எழுதியதே பார்வையற்றோர் பயன்படுத்தும் பேச்சுப்பொறிகளின் வேகத்தைக் கூட்டத்தான். வேகக் கேட்பு என்ற வழக்கத்துக்கே அவர்கள்தான் முன்னோடிகள். 1960களில் லூயிவில் பல்கலைக்கழகத்தில் எமர்சன் ஃபவுல்க் சுருக்கிய பேச்சை ஆராய்ந்ததும் பார்வையற்ற மாணவர்களை மனத்தில் வைத்துத்தான்.

ஃபவுல்க்கும் தாமஸ் ஸ்டிக்டும் 1969இல் தொகுத்த முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: நிமிடத்துக்கு ஏறத்தாழ 275 சொற்கள் வரை புரிதல் மெதுவாகத்தான் குறைகிறது, அதைத் தாண்டினால் சரசரவென்று இறங்குகிறது. 2021இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மாணவர்களிடம் விரிவுரைக் காணொளிகளை வைத்துச் சோதித்தபோதும் இரு மடங்கு வரை பெரிய சேதம் தெரியவில்லை. இரண்டரை மடங்கில் தெரிந்தது. இவையெல்லாம் ஆங்கிலத்துக்கான கணக்குகள். ‘போகவேண்டியிருந்ததால்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆகவே நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அளவை அப்படியே தமிழுக்கு இறக்க முடியாது. அசைகளை எண்ணுவதே நியாயம். அதைவிட நியாயம் அவரவர் காதைக் கேட்பது.

வேகத்தின் லாபமும் நினைப்பதுபோல் நேர்கோட்டில் கூடுவதில்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சியை 1.25இல் கேட்டால் 12 நிமிடம் மிச்சம். 1.5இல் 20 நிமிடம். 2இல் 30. இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவி, புரிதலையெல்லாம் பணயம் வைத்தாலும் கூடுதலாகக் கிடைப்பது 10 நிமிடம்தான். மூன்று மடங்கில் கேட்பதாகப் பெருமை பேசுபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். என்னைக் கேட்டால் 1.2க்கும் 1.6க்கும் இடையில்தான் உண்மையான லாபம் இருக்கிறது.

முக்கியமானது, எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் வைக்காதிருப்பது. நிகழ்ச்சிவாரியாக வேகத்தைப் பதிந்துவைக்கும் வசதி இருக்கிறது. நிதானமாகப் பேசும் வரலாற்று உரைக்கு 1.5, நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசும் சினிமா அரட்டைக்கு 1.1. இசை நிகழ்ச்சிக்குக் கட்டாயம் 1. இது ரசிகனின் பிடிவாதம் மட்டும் அல்ல. மேலே சொன்ன நிரல் ஒரே ஒரு குரலின் சுற்றைத் தேடுவது. வயலினும் மிருதங்கமும் தம்புராவும் சேர்ந்து ஒலிக்கும்போது பொதுவான சுற்று என்று ஒன்று இருக்காது. நிரல் தப்பான இடத்தில் ஒட்டும், நாதம் கரகரக்கும், அடிகள் மங்கும்.

மௌனத்தைத் தாண்டும் பொத்தான்

வேகத்துக்கு அருகிலேயே ‘மௌனத்தைத் தாண்டு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் பலர் வேகத்தின் தம்பி என்று எண்ணி இரண்டையும் சேர்த்தே இயக்குகிறார்கள். இரண்டும் வேறு வேறு சாதி. வேகம் கூட்டும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குகிறது. குறிலும் நெடிலும் சுருங்கினாலும் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள விகிதம் கெடுவதில்லை. மௌனத்தைத் தாண்டும்போது பேச்சு அப்படியே இருக்க, இடைவெளிகள் மட்டும் வெட்டுப்படுகின்றன. விகிதம் குலைகிறது.

ஆண்ட்ராய்டு செயலிகள் பல நம்பியிருக்கும் எக்ஸோபிளேயர் என்ற இயக்க நூலகம் இதை எப்படி முடிவு செய்கிறது என்று பார்த்தால் விளங்கும். ஒலியின் வீச்சு உச்ச அளவில் 32இல் ஒரு பங்குக்கும் கீழே இருந்து, அந்த நிலை பத்தில் ஒரு வினாடி அல்லது அதைவிடச் சற்று அதிக நேரம் நீடித்தால், அது மௌனம். பேச்சாளர் மூச்சு வாங்கினாரா, யோசித்தாரா, நாடகத்தில் ஒரு பாத்திரம் பதில் சொல்லத் தயங்கியதா என்பது நிரலுக்குத் தெரியாது. பின்னணியில் மின்விசிறி ஓடும் மலிவான பதிவில் மௌனமே இல்லை என்று முடிவுகட்டி எதையும் வெட்டாது. நல்ல ஸ்டூடியோவில் பதிவானதைக் கண்டபடி வெட்டும்.

தமிழில் இன்னொரு சிக்கல். ‘பட்டு’, ‘பக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள ஒற்றில் நாக்கு வாயை அடைத்து நிற்கிறது. அந்த நேரத்தில் வெளியே வருவது உண்மையான மௌனம். சாதாரணப் பேச்சில் அது நிரலின் வரம்புக்குள் சிக்காத அளவுக்குக் குறுகியதாக இருக்கலாம். மேடையில் நிறுத்தி நிதானமாகப் பேசுபவர், கவிதை வாசிப்பவர், குழந்தைகளுக்குக் கதை சொல்பவர் இவர்களிடம் அந்த அடைப்பு நீளும். வெட்டுப்படும்போது இரட்டிப்பு பலவீனமாகிச் சொல் தடுக்கிக் கேட்கும். இலக்கிய வாசிப்பு, நாடகம், இசை மூன்றுக்கும் இந்தப் பொத்தானை அணைத்துவையுங்கள். செய்தி அலசலுக்கும் நேர்காணலுக்கும் தாராளமாக இயக்கலாம்.

ஒலியளவைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010 முதல் பின்பற்றும் சராசரி உரப்பளவு, டெசிபல் கணக்கில், −23. ஆப்பிள் பாட்காஸ்டுக்குப் பரிந்துரைப்பது −16. வானொலிக்காகத் தயாரித்ததை அப்படியே பாட்காஸ்டாக ஏற்றினால் 7 டெசிபல் குறைவாகக் கேட்கும். அதைக் கேட்க ஒலியைக் கூட்டி வைத்திருப்பீர்கள், அடுத்த நிகழ்ச்சி காதில் அறையும். நிகழ்ச்சிவாரியாக ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஆன்டெனாபாட்டில் தேர்வு உண்டு. சத்தமாக இருப்பதைக் குறைப்பதே நல்லது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும்.

விட்ட இடம் நகர்வது ஏன்?

பாதியில் விட்ட பகுதியை மறுநாள் வேறு கருவியில் திறந்தால் ஒரு நிமிடம் முன்னே பின்னே தொடங்குகிறதா? செயலிமேல் சந்தேகப்படாதீர்கள். ஜிபாடர், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற சேவைகள் வழியாக இரு கருவிகளை ஒத்திசைக்கும்போது பரிமாறப்படுவது ‘இந்தப் பகுதி, 1,840ஆவது வினாடி’ என்பது போன்ற ஒரு குறிப்பு மட்டுமே. இரு கருவிகளிலும் ஒரே கோப்பு இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. ஆனால் இன்று வணிகப் பாட்காஸ்டுகள் பலவற்றில் விளம்பரம் பதிவிறக்கும் நேரத்தில்தான் செருகப்படுகிறது. உங்கள் ஊர், தேதி ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். போனில் இறங்கிய கோப்பில் 30 வினாடி விளம்பரமும், டேப்லெட்டில் இறங்கியதில் 90 வினாடி விளம்பரமும் இருந்தால் 1,840ஆவது வினாடியில் இரண்டு வேறு வாக்கியங்கள் ஓடும். ஒவ்வொரு பகுதியிலும் தொடக்க இசையைத் தாண்ட 45 வினாடி என்று விதித்திருந்தாலும் இதே காரணத்தால் அது குறி தவறும். அத்தகைய நிகழ்ச்சிகளை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாமல், ஒரே கருவியில் முன்கூட்டி இறக்கி அங்கேயே கேட்டு முடிப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

இதன் உறவுக்கார நோய் ஒன்று உண்டு. ஒரு நாள் காலை, எப்போதோ கேட்டு முடித்த பழைய பகுதிகளெல்லாம் புதியவை என்று வரிசையில் வந்து நிற்கும். ஓடையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிரந்தர அடையாள எண் உண்டு. செயலி புதியது எது, பழையது எது என்று பிரிப்பது முக்கியமாக அதை வைத்துத்தான். ஒலிபரப்புபவர் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அந்த எண்கள் மாறிப்போனால் செயலிக்கு எல்லாமே புதிது. தானியங்கிப் பதிவிறக்கம் இயங்கிக்கொண்டிருந்து, சேமிப்பு வரம்பும் வைக்காதிருந்தால் அன்றைய டேட்டா போய்விடும். 20 அல்லது 25 பகுதிகள் என்று வரம்பை வைப்பது இதற்கான காப்பீடு.

பெட்டி கட்டும்போது

கூகுள் ரீடர் என்ற ஓடைவாசிப்பான் 2013 ஜூலையில் மூடப்பட்டது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. இரண்டு முறையும் தங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியேறியவர்களுக்கு உதவியது ஓபிஎம்எல் என்ற இன்னொரு எழுத்துக் கோப்பு. அதுவும் டேவ் வைனர் வட்டாரத்தில் பிறந்ததுதான். எல்லா நல்ல செயலிகளும் அதை எழுதும், படிக்கும். மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுமதி செய்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஓடைகளின் பெயரும் முகவரியும் மட்டும். எதைக் கேட்டீர்கள், எங்கே விட்டீர்கள், எந்த நிகழ்ச்சிக்கு எந்த வேகம், எந்த வடிகட்டி என்று பார்த்துப் பார்த்து வைத்தது எதுவும் அதில் ஏறாது. போன் மாற்றும்போது அவையும் வேண்டுமென்றால் ஆன்டெனாபாட்டில் தரவுத்தள ஏற்றுமதி என்று தனியாக இருப்பதையும் செய்ய வேண்டும். அதை ஆன்டெனாபாட்டில்தான் திரும்ப ஏற்ற முடியும். வேறு செயலிக்குப் போகிறவர்கள் வேகத்தையும் வடிகட்டிகளையும் கையால் மறுபடி பதியத்தான் வேண்டும்.

இன்னொன்று. சந்தா கட்டிக் கேட்கும் நிகழ்ச்சிகளுக்கு உங்களுக்கென்று ஒரு தனி ஓடை முகவரி தருவார்கள். பெரும்பாலும் அந்த முகவரியின் நடுவே இருக்கும் நீண்ட எழுத்துக்கோவைதான் சாவி; கடவுச்சொல் என்று வேறு எதுவும் கேட்காது. ஓபிஎம்எல் கோப்பில் அந்த முகவரியும் முழுதாக ஏறிவிடும். ‘நீ என்னென்ன கேட்கிறாய்?’ என்று நண்பர் கேட்டதற்காக அந்தக் கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் சாவியும் கூடவே போகிறது, அவர் அதைத் தன் குழுவுக்கு அனுப்பினால் அங்கேயும் போகிறது. ஒரே சாவியில் பல ஊர்களிலிருந்து பதிவிறக்கம் நடந்தால் சேவை உங்கள் ஓடையை முடக்கவும் கூடும். அனுப்புவதற்கு முன் கோப்பை ஏதாவதொரு எழுத்துத்திருத்தியில் திறந்து, அந்த வரிகளை மட்டும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.